கழற்றச் சொன்னார்கள், மாட்டச் சொல்லவில்லை

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனைப் போலச் சும்மா நிற்க உலகத்தில் ஆள் கிடையாது. என்னுடைய இந்தத் திறமையால் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையே நின்றது.

தொண்ணூறுகளின் கடைசி. டீசல் மெக்கானிக்காக ஓய்வு பெற்று இடைசெவலுக்கு வந்திருந்தேன். என் வேலை ஐ.டி.ஐ. படிப்புக்குச் சமம் என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி (வேறு எதை நம்புவது?) நான்கு மில் ஏறி இறங்கினேன். எல்லோரும் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐ.டி.ஐ. சர்டிபிகேட் எங்கே என்றார்கள். ஐந்தாவது மில்லின் இன்ஜினியர் மட்டும், "பேப்பர் கிடக்கட்டும்வே. கை எப்படின்னு பாப்போம்" என்றார். இதுவும் போனால் மறுபடி வடக்கே போய் வாட்ச்மேன் வேலை பார்க்க வேண்டியதுதான். என் மகளோ அப்போதுதான் என்னை மாமா என்று கூப்பிடுவதை விட்டு அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

ஜெனரேட்டரில் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றச் சொல்லிவிட்டு அவர் போன் பேசப் போனார். கழற்றினேன், துடைத்தேன், துணி விரித்து வரிசையாக அடுக்கினேன். பிறகு காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி நின்றேன். பட்டாளத்தில் கழற்றுவது ஓர் உத்தரவு, மாட்டுவது வேறோர் உத்தரவு. அதிகாரி பார்க்குமுன் மாட்டினால் தோலை உரித்துவிடுவார்கள். இங்கே உத்தரவு போடுகிறவர் யார் என்று சுற்றிலும் பார்த்தேன். ஆட்கள் யாரிடமும் கேட்காமல் அவரவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று அதிசயப்பட்டே அரைமணி நேரம் போய்விட்டது.

அப்போது கரண்ட் போனது. மில் சத்தம் மொத்தமாக அடங்கியது. பத்துப் பேர் ஜெனரேட்டரைப் பார்த்து ஓடி வந்தார்கள், கடைசியாக இன்ஜினியர். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னவே, மாட்டாம எதுக்கு நிக்கீரு?"

"அடுத்த உத்தரவு வரலை, சார்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு மாட்டச் சொன்னார். பதினைந்து நிமிஷத்தில் மாட்டி, டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி, என்ஜினை ஓடவிட்டேன். வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். இன்ஜினியர் பின்னாலேயே வந்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வாரும். ஆனா இங்கன உமக்கு உத்தரவு போட ஒருத்தனும் கிடையாது, பாத்துக்கிடும்."

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்றைக்கும் கரண்ட் போனால் என் மனைவி சொர்ணம் அடுப்படியிலிருந்து மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "ஏட்டி, அப்பா அங்கன நிக்காவ பாரு. மெழுகுவத்தி ஏத்தச் சொல்லி உத்தரவு போடு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்போது நின்றுகொண்டுதான் இருப்பேன்.