ஒரு நெஞ்சுக்கு இரண்டு கோப்பு

அன்று நலப்பிரிவு அறையில் கூடியிருந்தவர்கள் பின்வருமாறு: நலப்பிரிவு அதிகாரி சரவணகுமார், கம்பெனி டாக்டர் நவரத்தினம், ஸ்டோர்கீப்பர் லுக்மான் பாய், இரண்டு வருடமாக நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டிருந்த சோலைமுத்து, அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த அறைத்தோழன் அழகுமலை. ஆக மொத்தம் ஐந்து பேர். அதில் நோயாளி ஒருவர். அந்த ஒருவர் போதாது என்பதுதான் அன்றைய பிரச்சினை.

துபாயின் தேராப் பகுதியில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துக் கொடுக்கும் கம்பெனி அது. இரண்டாயிரத்து ஏழில், புதிய சலவை இயந்திரம் பார்த்துவரச் சரவணகுமாரைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். இயந்திரம் வரவில்லை. ஜன்னலில் ஒரு மூங்கில் செடி வந்தது. அவருடைய மேஜை தெற்குப் பார்த்துத் திரும்பியது. பெட்டி நிறைய மூலிகை வந்து இறங்கியது. அந்த வருடம் எல்லா ஆபீசிலும் சீனப் பேச்சுதான். பச்சைத் தேநீர் குடிக்காத மேனேஜரை அவர் வீட்டிலேயே மதிக்கவில்லை என்று கேள்வி.

சோலைமுத்துவுக்கு டாக்டர் ஆறு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதியிருந்தார். கூடவே சீனக் கசாயமும் கொடுத்தாக வேண்டும் என்பது சரவணகுமாரின் மேலான விருப்பம்.

"ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா டாக்டர்?"

"கசாயம் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. மாத்திரை என்ன செய்யுமெண்டு தெரியும்," என்றார் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நோயை வருத்தம் என்பார், அளந்துதான் பேசுவார். "வேணுமெண்டால் குடிக்கட்டும், நான் பாத்துக்கொள்ளுறன். ஆனா மாத்திரையை இடையில நிப்பாட்டக் கூடாது. பாதியில விட்டா வருத்தம் முந்தியைவிட மோசமாத் திரும்பி வரும்."

"அப்ப சரி. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"முடியாது சார்," என்றார் லுக்மான் பாய். "மாத்திரை இன்சூரன்ஸ் செலவு. கசாயம் நலப்பிரிவுச் செலவு. ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்புக்கு ஒரு மருந்து. ரெண்டு மருந்துன்னா ரெண்டு நோயாளி வேணும்."

சரவணகுமார் மூங்கிலைப் பார்த்தார். மூங்கில் கருத்து ஏதும் தெரிவிக்கவில்லை. அடுத்து அழகுமலையைப் பார்த்தார்.

"நீ யாருப்பா?"

"ரூம்காரன் சார். இஸ்திரி செக்‌ஷன்."

"உனக்கு இருமல் உண்டா?"

"இல்ல சார்."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லு."

அழகுமலை யோசித்தான். பக்கத்தில் சோலைமுத்து மூச்சு விடுவது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கேட்டது. படுத்துவிட்ட ஆளைக் கம்பெனி அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடும். பாவம், நல்ல மனுஷன்.

"இருக்கு சார்," என்றான்.

இவ்வாறாக ஒரு நெஞ்சுக்கு இரண்டு கோப்புகள் திறக்கப்பட்டன. மாத்திரை சோலைமுத்து பேரில். கசாயம் அழகுமலை பேரில். வாங்கிக்கொண்டு போய் சோலைமுத்துவிடம் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. "நான் ஒண்டும் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து போனார்.

மறுநாளே ஏற்பாட்டில் ஓட்டை விழுந்தது. கசாயத்தை அதிகாரியின் முன்னிலையில்தான் குடிக்க வேண்டுமாம். குடித்தபின் ஏசி அறையில் தெற்குப் பார்த்துக் கால் மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டுமாம். எனவே சோலைமுத்துவுக்காக வரவழைத்த கசாயம் சொட்டு விடாமல் அழகுமலையின் வயிற்றுக்குள் போயிற்று. பூட்ஸ் தோலை வேகவைத்த ருசி. ஆனால் நீராவி கக்கும் இஸ்திரி செக்‌ஷனிலிருந்து கால் மணி நேரம் ஏசிக்கு வருவதென்றால் பூட்ஸையே தின்னலாம்.

நோயாளி என்ற முறையில் அவன் இருமவும் வேண்டியிருந்தது. சோலைமுத்துதான் கற்றுக்கொடுத்தார்.

"தொண்டையில கனைக்காதடா. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி இருக்கு. அடிநெஞ்சிலேருந்து வரணும்."

"நீங்க ஒருதரம் இருமிக் காட்டுங்கண்ணே."

சோலைமுத்து முயன்றார். வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது.

நாலாவது வாரம் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். சரவணகுமார் இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, டாக்டரையும் லுக்மான் பாயையும் அழைத்தார். சோலைமுத்துவின் நெஞ்சில் பழைய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அழகுமலையின் நெஞ்சு வெளுத்து மடித்த விரிப்பைப்போல் கறையில்லாமல் இருந்தது.

"மாத்திரை சாப்பிட்டவனுக்குக் கறை போகல. கசாயம் குடிச்சவனுக்குக் கறையே இல்ல. நாம சலவைக்காரங்க டாக்டர். கறை போகாத சோப்பை நாம வாங்குவோமா?"

"அது பழைய தழும்பு, அது போகாது. ஆளுக்குச் சுகமாகிக்கொண்டு வருது. மற்றவருக்கு முதலே ஒரு வருத்தமும் இல்லையே."

"இல்லன்னு கோப்புல இருக்கா?"

"உங்களுக்கே தெரியுமே."

"உங்களுக்கும் தெரியுமே டாக்டர். அன்னைக்கு நீங்களும் இங்கதான இருந்தீங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அன்று மாலையே ஆணை வெளியானது. ஆன்டிபயாடிக் உடனடியாக நிறுத்தப்படுகிறது. ஊழியர் அனைவருக்கும் சீனக் கசாயமும் தலைக்குக் கால் மணி நேர ஏசியும் வழங்கப்படும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சோலைமுத்து அழகுமலையின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரந்தான் பாக்கி தம்பி. வெளிய வாங்க நமக்குக் கட்டாது. இப்பத்தான் மூச்சு இறங்குது. சார்கிட்டப் போய், உனக்கு நோயே கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"காலையில சொல்லிர்றேண்ணே."

காலையில் கிளம்பவும் செய்தான். இஸ்திரி செக்‌ஷன் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது. நாகலிங்கம் என்கிற ஒரு வயதானவர்தான் பேசினார்: "தம்பி, என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் மொதல் தடவையா ஏசியில உக்காரப் போறேன். பாத்துப் பேசுப்பா."

அழகுமலை அதிகாரியின் முன்னால் போய் நின்றான்.

"சொல்லுப்பா. நெஞ்சு எப்படி இருக்கு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நெஞ்சு முன்னைவிடக் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. தினமும் கால் மணி நேரம் ஏசியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் லேசாகாது?

"இப்ப எவ்வளவோ தேவல சார்," என்றான். அதில் பொய் இருப்பதாக அவனுக்கே தோன்றவில்லை.

மாத்திரை நின்ற மூன்றாவது வாரம் சோலைமுத்துவின் இருமல் திரும்பி வந்தது. டாக்டர் சொன்னபடியே, முந்தியைவிடப் பலமாக. அவரும் கசாய வரிசையில் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் நாலு தடவை இருமினார். பக்கத்து நாற்காலியில் அழகுமலை.

அப்போது சரவணகுமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லுக்மான் பாயின் ஸ்டோருக்குள் நுழைந்தார். மூன்று நாளாக அவருக்கும் சளி.

"பாய், அந்த மாத்திரை இருக்கா?"

"கசாயம் தரட்டுமா சார்?"

"அது ஊழியர் நலத்திட்டம். நான் அதிகாரி."

பாய் கோப்பு எதுவும் கேட்கவில்லை. சோலைமுத்து பேரில் மீதமிருந்த இருபத்தெட்டு மாத்திரையில் பத்தை எண்ணிக் கொடுத்தார். திறந்த கதவு வழியாக அழகுமலை அதைப் பார்த்தான். சோலைமுத்துவும் பார்த்தார், பிறகு அழகுமலையைப் பார்த்தார். அழகுமலை தெற்கைப் பார்த்தான்.

லுக்மான் பாய் அலமாரியைப் பூட்டினார். மீதி பதினெட்டு.