ஏழ்கரை நாட்டுக் காப்பு அட்டை

ஆறும் கடலுமாகச் சேர்ந்து ஏழு துண்டாக வெட்டிப்போட்ட ஒரு நாடு இருந்தது. அதற்கு ஏழ்கரை நாடு என்று பெயர். அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வெயிலில் வரிசையாக நின்று வாக்குப் போடுவார்கள். மன்னர் கீர்த்திவளவர் வெற்றி பெறுவார். அதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தவர்கள் சொல்லவில்லை.

கீர்த்திவளவர் முதன்முதலில் பதவிக்கு வந்தது காப்பு அட்டையால். ஒவ்வொரு மாதமும் கூலியில் ஒரு பங்கை அரசு பிடித்துக்கொள்ளும். நோய் வந்தால் அட்டையை நீட்டினால் போதும், மருந்து கிடைக்கும். "இனி இந்நாட்டில் நோய்க்கு எவரும் அஞ்ச வேண்டியதில்லை" என்று அவர் அறிவித்தபோது ஏழு கரையிலும் வெடி போட்டார்கள்.

செங்கமலம் அரண்மனை ஆணைக்கூடத்தில் எழுத்தராக இருந்தாள். மன்னரின் ஆணைகள் கையால்தான் எழுதப்பட வேண்டும் என்பது அந்நாட்டு மரபு. அமைச்சர் தரும் வரைவைப் பார்த்து முதல் படியை அவள் எழுதுவாள். அதைத் தாய்ப்படி என்பார்கள். தாய்ப்படியைப் பார்த்து மற்றவர்கள் அறுபத்துநான்கு ஊர்களுக்கும் படியெடுப்பார்கள். வரைவை உடனே கிழித்துவிட வேண்டும். மன்னர் முதலில் ஒன்று நினைத்துப் பிறகு மாற்றினார் என்பதற்குத் தடயம் இருக்கக் கூடாதல்லவா?

அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் கண் விழித்தபோது மருத்துவர் அம்புஜம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரும்மா, ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை உண்டானா உன்னை மீட்டுக் கொண்டாருவேன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

உடல் தேறியபின் அவளும் அம்புஜமும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தார்கள். எல்லாரும் போடுகிற கருத்தடை மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் உண்டு. செங்கமலத்தின் ரத்த அழுத்தத்துக்கும், பாதிப் பார்வையை மறைத்துக்கொண்டு வரும் தலைவலிக்கும் அது ஆகாது, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம் என்றார் அம்புஜம். ஒரே ஹார்மோன் உள்ள மாத்திரை இருந்தது. ஆனால் தினமும் மணி தவறாமல் போட வேண்டும். ஆணைக்கூடத்தில் வேலை எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? தோலுக்கடியில் வைக்கும் குச்சி அந்த ஊருக்கு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருந்தது. அதை எடுத்துக்கொண்டால் அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். செங்கமலம் ஊசியைத் தேர்ந்தெடுத்தாள். அட்டையை நீட்டினாள், ஊசி கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

பிறகு முதல் ஆணை வந்தது. அதையும் அவளே எழுதினாள். 'குடிமக்கள் அனைவரும் மன்னரின் கண்ணுக்குச் சமம். ஆகவே அனைவருக்கும் ஒரே கருத்தடை மாத்திரை. மற்றவற்றுக்கு அட்டை செல்லாது.'

மறுநாள், அட்டைக்கு மருந்துச் சீட்டு எழுதித் தரும் காப்பு மண்டபத்துக்குப் போனாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலு என்ற அலுவலர் இருந்தார். முன்பெல்லாம் ஊசிச் சீட்டைச் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தவர்.

"இந்த மாத்திரை எனக்கு ஆகாதுங்க."

"ஆகாதுன்னு எப்படிம்மா தெரியும்? போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டா பக்கவாதம் வரலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க."

"வரலாம்னுதானே எழுதியிருக்காங்க. வந்துச்சுன்னு எழுதலையே. முதல்ல இதைப் போடணும். கேடு வந்தா சான்று கொண்டாங்க. அப்புறம் ஊசி தர்றதைப் பத்தி மேலிடத்துல கேப்போம்."

"பக்கவாதம் வந்து கை விழுந்துட்டா நான் எப்படிங்க கொண்டாறது?"

"வீட்டு ஆளு யாராவது கொண்டாரலாம். அதுக்கு விதியில இடம் இருக்கு" என்றார் குழந்தைவேலு. அவர் கேலி செய்யவில்லை. விதியைத்தான் சொன்னார்.

அந்தமுறை கையில் இருந்ததையெல்லாம் திரட்டிக் கடையில் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அடுத்த தவணைக்கு முன் இரண்டாவது ஆணை வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குபவர்களும் மனுப் போட வேண்டும். அவர்கள் பெயர் மண்டபச் சுவரில் பதினைந்து நாள் ஒட்டப்படும். மறுப்பு இருப்பவர்கள் எழுதிப் போடலாம். எழுதுபவர் பெயர் சொல்லத் தேவையில்லை.

செங்கமலத்தின் பெயர் சுவரில் ஏறியது. சந்தைக்குப் போனால் பேச்சு நின்றது. பதினாறாம் நாள் மனு திரும்பி வந்தது. யாரோ ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார்கள்: 'இந்த அம்மாளுக்கு ஆண் குழந்தை இல்லை.' அவ்வளவுதான். கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். எத்தனையோ கையெழுத்துகளைப் பார்த்துப் பழகியவள். இதை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியா? கூட வேலை செய்பவளா? நாத்தனாரா? அன்று முதல் யார் எதை எழுதினாலும் எட்டி எழுத்தைப் பார்த்தாள்.

ஊசி போட வேண்டிய நாள் கடந்துபோனது.

அவள் கணவன் தணிகாசலம் கரைக்குக் கரை ஆள் ஏற்றும் படகை ஓட்டினான். நல்லவன். ஒரு மாலை படகுத்துறையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"கமலம், நான் கொஞ்ச நாள் துறையிலயே படுத்துக்கிறேன்."

"ஏங்க? என்மேல கோவமா?"

"கோவமில்ல, பயம். அந்த ரெண்டு நாள் நீ கண்ணே தொறக்கல. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக நீங்க வீட்டை விட்டுப் போறதா?"

அவன் உள்ளே வந்து பாயைச் சுருட்டினான். பெரியவள், "அப்பா எங்கம்மா போறாரு?" என்று கேட்டாள். காப்பு அட்டை தலைமாட்டில் இருக்க, நோய்க்கு அஞ்சாத நாட்டில் ஒரு குடும்பம் அப்படி இரண்டாகப் பிரிந்தது.

தேர்தல் நெருங்கியது. ஒருநாள் உச்சிப்பொழுதில் காப்பு அமைச்சர் பேரின்பநாதர் தாமே ஆணைக்கூடத்துக்கு வந்து வரைவைக் கொடுத்தார்.

"குடும்பத் தலைவர்களின் மாண்பை உயர்த்தும் ஆணை இது. பொழுது சாய்வதற்குள் படகேற வேண்டும். ஒரு புள்ளியும் பிசகக் கூடாது" என்றார்.

செங்கமலம் படித்தாள். 'கருத்தடை பெற விரும்பும் பெண் தன் கணவர், மாமனார், ஊர்த்தலைவர் மூவரின் ஒப்பமும் பெற வேண்டும். மருத்துவர் எழுதித்தரும் பிற மருந்துகளை எக்காரணம் கொண்டும் வழங்க வேண்டாம்.'

மை தொட்டாள். 'ஒப்பமும் பெற' என்பது வரை கை ஓடியது. அங்கே நின்றது. அவளுக்கு மகள்களின் முகம் நினைவுக்கு வந்ததாகச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அவளுக்கு நினைவு வந்தது அந்தக் கட்டிலின் இரும்புக் கம்பி. வலிப்பு வருவதற்கு முன் அதைத்தான் பற்றியிருந்தாள். இப்போது பேனாவை அப்படிப் பற்றியிருந்தாள்.

'வேண்டும்' என்று இருந்த இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதினாள். அடுத்த வரியில் 'பிற மருந்துகளையும் அட்டையின் பேரில் வழங்க வேண்டும்' என்று எழுதினாள். விதிப்படி வரைவைக் கிழித்துப் போட்டாள். தலைமை எழுத்தர் சபாபதியார் முப்பது ஆண்டுகளாக எதையும் படிக்காமலேயே முத்திரை வைத்து வந்தவர், அன்றும் வைத்தார். அறுபத்துநான்கு படிகளும் படகேறின.

நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றாள். ஐந்தாம் நாள் காப்பு மண்டபத்தில் பெண்கள் கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஆணையில் என்ன இருந்ததோ அதை அலுவலர்கள் செய்தார்கள். யோசிப்பது அவர்கள் வேலையல்ல. அம்புஜம் சோதித்துப் பார்த்து, "ஒண்ணும் உண்டாகல, தப்பிச்சே" என்று சொல்லி ஊசியைப் போட்டார். செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அவள் செய்ததை அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவையில் குறிப்பெழுதும் முறை அவளுடையது. அரியணைக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பேரின்பநாதர் ஊர்களுக்குப் போன படிகளில் ஒன்றை மன்னரிடம் நீட்டினார்.

"நான் இப்படியா ஆணையிட்டேன்?" என்று கேட்டார் மன்னர்.

சபாபதியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செங்கமலத்தின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை முழங்காலில் விழுந்தது, துடைக்கக்கூட அசையவில்லை. வெளியே வாசலில் பெண்கள் திரண்டு மன்னரை வாழ்த்தும் குரல் கேட்டது. மன்னர் அதைச் சற்று நேரம் கேட்டார்.

பேரின்பநாதரும் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னர் தவறு செய்வதில்லை. ஆகவே மன்னரின் ஆணையிலும் தவறு இருக்க முடியாது. தாங்கள் இப்படித்தான் ஆணையிட்டீர்கள், அரசே. அது இப்போதுதான் எங்கள் சிற்றறிவுக்கு எட்டியது."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் மன்னர்.

பெண்கள் வாக்கு மலைபோல் விழுந்தது. கீர்த்திவளவர் முன்னெப்போதும் காணாத வெற்றி பெற்றார். தணிகாசலம் பாயோடு வீடு திரும்பினான். பதவியேற்ற மறுநாள் மன்னர் ஒரு சிறிய ஆணையை எழுதச் சொன்னார். அதையும் செங்கமலமே எழுதினாள். 'மன்னருக்கும் மக்களுக்கும் இடையே காகிதம் எதற்கு? இனி ஆணைகள் எழுதப்படமாட்டா.' அதற்குத் தலைமை எழுத்தர் முத்திரை வைத்தார். அன்று மாலையே ஆணைக்கூடத்தைப் பூட்டினார்கள். எழுத்தர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

ஊசி போட்டு மூன்று மாதம் முடிய இன்னும் நான்கே நாள் இருந்தபோது, செங்கமலம் மறுபடியும் மண்டபத்து வரிசையில் நின்றாள். வரிசை வேகமாக நகர்ந்தது. முன்னால் போன பெண்கள் எல்லாரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஊசி இல்லம்மா. நிறுத்தியாச்சு" என்றார் குழந்தைவேலு.

"யாருங்க நிறுத்தினது?"

"ஆணை."

"காட்டுங்க."

"எழுத்துல இல்லன்னு தெரியாதா உங்களுக்கு?"

"சரி, யாரு வந்து சொன்னாங்க? எப்ப சொன்னாங்க? உங்க காதால நீங்க கேட்டீங்களா?"

குழந்தைவேலு இருபக்கமும் பார்த்தார். சன்னல் கம்பிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தார்.

"கேக்கலம்மா" என்றார் தணிந்த குரலில். "பக்கத்து மண்டபத்துல நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டு நாங்களும் நிறுத்தினோம். அவங்க எங்களைப் பாத்து நிறுத்தினாங்களாம். யாரும் வந்து சொல்லல. ஆனா சொல்லியிருப்பாங்கல்ல? நாளைக்கு ஏன் குடுத்தேன்னு கேட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கா. அவளுக்கே வாங்கிக் குடுக்கல."

செங்கமலம் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். அவள் திரும்பினாள்.

"அப்படி ஒரு ஆணையே இல்லையாம்" என்றாள்.

பெண்கள் ஆர்ப்பரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட குற்றம் தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர்களாக இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். இன்னொருத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வரிசை கண்ணெதிரே கரைந்தது.

ஒரே ஒரு பெண் மட்டும் நின்றாள். செங்கமலம் அவளை இதற்குமுன் பார்த்ததில்லை.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

தெரிந்துகொள்ளக் கேட்கிறாளா, காட்டிக்கொடுக்கக் கேட்கிறாளா என்று செங்கமலத்துக்குத் தெரியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பைவிடச் சற்று உரக்கவே, இன்னொரு தடவை சொன்னாள்.