சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் ஒரு சொல்லை வாயிலிருந்து விட்டால் போதும், அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். சொல்லவந்த செய்தி அவர்களுக்கு வேண்டாம். வீடு பற்றி எரிகிறது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாலும், 'பற்றி' எந்த வேரிலிருந்து வந்தது என்று விளக்கிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஜப்பானிய ஊரான மாட்சுமோட்டோவில் அந்தப் பதவியை வகித்தவர் குசகாபே.

கல்லூரியில் முப்பத்தெட்டு வருஷம் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்து, ஜெர்மனில் ஒரு கோப்பை காப்பி கேட்கத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவரே அந்த நாட்டில் இருந்தது மொத்தம் ஒன்பது நாள். வழி கேட்டபோதெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்னார்களாம். அதனால் என்ன? எங்கள் ஊரில்தான் மலையேறிகள் கொண்டுவந்தது, மாணவர்கள் கொண்டுவந்தது, டாக்டர்கள் கொண்டுவந்தது என்று ஜெர்மன் சொற்கள் ஏராளமாக வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தனவே! அவற்றை வழிமறித்து விசாரிப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருடைய முழுநேர உத்தியோகம்.

நூடுல்ஸ் கடை ஹிகுச்சி ஒருநாள் வாயெல்லாம் பல்லாகக் குசகாபேயின் மேஜைக்கு வந்தார்.

"சார், எங்க பொண்ணுக்குக் கெரெந்தேல அருபைதோ கெடச்சிருச்சு!"

பனிச்சறுக்குத் திடலில் பகுதிநேர வேலை. ஜப்பானில் பிறந்த குழந்தைக்கும் புரியும். குசகாபேக்குப் புரியாது.

"எதுல என்ன? கெலெண்டேன்னா ஜெர்மன்ல வெறும் நெலம், பொட்டல்காடு. ஆர்பைட்னா உழைப்பு. நெத்தி வேர்வை சிந்தற உழைப்பு. உங்க பொண்ணு பொட்டல்காட்டுல ஒழைக்கப் போறாளா?"

"சனி ஞாயிறு மட்டுந்தான் சார்," என்றார் ஹிகுச்சி, பாவம். அன்றைக்குக் குசகாபேயின் கிண்ணத்தில் இறால் ஒன்று குறைவாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் மிட்சுயோ. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஜெர்மன் சொற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

அந்த இலையுதிர் காலத்தில் குசகாபேக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியதாயிற்று. முதலில் போய்ப் பார்த்த மருத்துவர், நோயாளியைப் பற்றிய குறிப்புத்தாளைக் கையில் எடுத்து, எங்கள் டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுபோல, 'கருதே' என்று சொல்லித் தொலைத்தார். விடுவாரா இவர்?

"கார்ட்டேன்னா ஜெர்மன்ல ஊர்ப்படம். ஓட்டல்ல சாப்பாட்டுப் பட்டியல். என் வயித்துக்குள்ள வழி தேடறீங்களா, இல்ல விருந்துக்கு உக்காரறீங்களா?"

மருத்துவர் செரிமான மாத்திரை எழுதிக்கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார். ஆறு வாரம் வீணாயிற்று.

அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மிட்சுயோ வாசலிலேயே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என்ன நோய் என்று டாக்டர் சொல்லவேண்டும். இவர் குறுக்கே விழுந்து அதைக் கெடுக்கக் கூடாது.

"ஏங்க, உள்ள போனா வாயத் தொறக்கக் கூடாது."

"அந்தாளு தப்பாச் சொன்னா?"

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்காக."

சத்தியமே செய்துகொடுத்தார். உள்ளே பெரிய டாக்டர் 'கருதே' என்றார். குசகாபே பல்லைக் கடித்தார். "வயித்துல சின்னப் புண்ணுதாம்மா, ஒரு மெசு வெச்சாச் சரியாப் போயிரும்," என்று டாக்டர் அறுவைக் கத்தியைச் சொன்னார். வெண்ணெய் தடவுகிற கத்திக்கும் ஜெர்மனில் 'மெஸ்ஸர்'தானே பெயர் என்று குசகாபேயின் காது மடல் சிவந்தது. மிட்சுயோ அவர் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் நின்ற இளைய டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஒரு சொல் சொன்னார்.

"குரெபுசு."

"க்ரேப்ஸ்!" சத்தியம் பறந்துபோயிற்று. "குரெபுசு இல்ல டாக்டர், க்ரேப்ஸ். 'ர' தொண்டையிலேர்ந்து வரணும். 'ஏ' நீளணும். கடைசில 'உ' கெடையவே கெடையாது. எங்க, சொல்லுங்க பாப்போம்!"

இளைய டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் டாக்டர்கள் புற்றுநோயை நோயாளியின் முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். அதற்கு ஜெர்மன் போர்வை போர்த்தி, அவன் தலைக்கு மேலேயே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வார்கள். என்ன வீரம்! ஜெர்மனியில் 'க்ரேப்ஸ்' என்றால் நண்டும் உண்டு, புற்றுநோயும் உண்டு. எங்கள் டாக்டர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது நண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

உச்சரிப்பைத் திருத்திய பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவருக்கு, சொல்லின் பொருள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கை அவரை அறியாமல் வயிற்றுக்குப் போயிற்று.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் மிட்சுயோ. "க்ரேப்ஸ்னா என்ன?"

"நண்டு."

"வயித்துலயா?"

"மூல அர்த்தம் நண்டுதான்," என்றார் குசகாபே. பெரிய டாக்டரும் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

ஆற்றங்கரை வழியாக இருவரும் திரும்பி நடந்தார்கள். மிட்சுயோவுக்கு நண்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் யாரைக் கேட்பது? வழியில் ஒரு காப்பிக் கடை, ஜன்னல் முழுக்க ரோஜா நிற லேஸ் திரை. இப்படிக் கொஞ்சலாக எதைப் பார்த்தாலும் எங்கள் பெண்கள் 'மெருஹென்' என்பார்கள். ஜெர்மனில் அது ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிற பழங்கதைக்குப் பெயர் என்று இவர் அவளிடம் நூறு தடவை சீறியிருக்கிறார். அவள் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள்.

"பாருங்களேன், எவ்வளவு மெருஹெனா இருக்கு!"

காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று ஏங்கிக் காத்திருந்தாள்.

"ஆமா," என்றார் குசகாபே. "அழகா இருக்கு."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வாசகரே, உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் படித்துவரும்போது, 'க்ரேப்ஸ்' என்று நான் எழுதியது சரிதானா, அது கடல் நண்டா ஆற்று நண்டா, 'மெருஹென்' உண்மையில் 'மேர்ஷன்' அல்லவா என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? தாராளமாக எழுதி அனுப்புங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் அடுத்த அறையிலிருந்து உங்களை யாரோ கூப்பிட்டு நேரமாகிறது. என்னவென்று முதலில் போய்க் கேளுங்கள்.