கல்யாண வண்டிக்குத் துரு வளர்த்த வைபவம்

புதன்கிழமை, பிற்பகல்
உன் அம்மாவின் கொட்டகையிலிருந்து

சூரியகாந்திப் பூக்கள் பார்த்துப் பொறாமைப்படும் முகம் உடையவளும், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணமகளாக நிற்கப் போகிறவளும், தாயிடமிருந்து பிடிவாதத்தைத் தவிர வேறொன்றையும் வாங்கிக்கொள்ளாதவளுமான சௌபாக்கியவதி மார்லிஸுக்கு, தாய்மாமன் எமரி டிரைலிங் வண்டி வண்டியாக ஆசிகளை ஏற்றி அனுப்பி எழுதுவது. இங்கே நானும் என் நாயும் என் முதுகுவலியும் நலம். விச்சிட்டாவில் நீயும் உன் பல் வைத்தியரும் நலமாயிருப்பீர்கள். வைத்தியர் மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் வெட்கத்தோடு உலவிக்கொண்டிருப்பார். காரணம் கீழே வருகிறது.

முதலில் காரியம். உன் அம்மா வாடகைக்குச் சொல்லியிருக்கிற அந்த வெள்ளை நீளக் காரை உடனே ரத்து செய். நாளை மதியம் பன்னிரண்டு மணி வரைதான் ரத்து செய்ய விடுவார்களாம். நீ ஆசைப்பட்டுக் கேட்டபடி, கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஐம்பத்தோராம் வருடத்துப் பிக்கப் வண்டியில்தான் நீ மாதாகோவிலுக்குப் போகிறாய். ஓட்டுவது நான். இது சத்தியம். இந்தக் கான்சாஸ் சமவெளியில் ஒரு மலை இருந்திருந்தால் அதன் மேல் ஏறி நின்று இதை அறிவித்திருப்பேன்.

உன் அம்மா கொர்னீலியா விதித்த நிபந்தனை உனக்குத் தெரியும். "டேய் எமரி, கல்யாணக் கேக்குக்கு ஆகிற காசுக்கு மேல அந்தத் தகரத்துக்கு ஒரு சென்ட் செலவாகக் கூடாது. புதன்கிழமைக்குள்ள இங்கேருந்து கோவிலுக்குப் போய் நிக்காம திரும்பி வரணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுடுவேன். எம் பொண்ணு கோழிக்கூண்டுல போய்க் கல்யாணம் பண்ணிக்க மாட்டா." கோழிக்கூண்டு என்று அவள் சொன்னது வசவு அல்ல. இருபத்தாறு வருடமாக அதற்குள் கோழிகள் குடியிருந்தன. நான் கதவைத் திறந்தபோது வயதான பெட்டை ஒன்று ஸ்டீயரிங் மேல் உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தது. என்ஜின் இருந்த இடத்தில் ஒரு முசுக்கொட்டை மரம் முளைத்து, மூடியைத் தள்ளித் திறந்து, பழமும் காய்த்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தை வெட்டி வண்டியை வெளியே இழுக்க நானும் ஹில்டாவும் ஒரு டிராக்டரும் ஒன்றரை நாள் போராடினோம். ஹில்டாவை உனக்குத் தெரியுமே, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள், கல்லறைக் கதவு முதல் கலப்பை வரை எதையும் ஒட்டுவாள், எதற்கும் சிரிக்க மாட்டாள்.

நாங்கள் கட்டுகிற இந்த மாதிரி வண்டிக்கு எலி வண்டி என்று பேர்; அது என்னவென்று உன் அம்மாவுக்கு நான் நூறு தடவை விளக்கியாகிவிட்டது. எதையும் புதிதாக வாங்கக் கூடாது. குப்பையில் கிடப்பதைத் தேடி எடுத்து ஒட்ட வேண்டும். வர்ணம் பூசக் கூடாது. துருதான் அதற்குப் பட்டுப்புடவை, துருதான் அதற்கு நகை. அந்தத் துரு ஒரு நாளில் வந்ததா? எழுபது வருட வெயில், பனி, ஆலங்கட்டி எல்லாம் சேர்ந்து தீட்டிய சித்திரம் அது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "அப்போ குளிக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

என்ஜினுக்காக, பக்கத்துப் பண்ணையில் சோளத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பழைய பம்பு என்ஜினைக் கொண்டுவந்தேன். முப்பது கோடை இரவு பகலாய் ஓடிய கிழவன். பூமிக்கடியில் இருந்த தண்ணீரில் பாதியை அவன்தான் மேலே கொண்டுவந்தான் என்று சொல்வேன், மறுக்க ஆளில்லை. அவனிடம் ஒரே ஒரு விசேஷம். பம்பு என்ஜின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காக அதில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்ற நாங்கள் மறந்துவிட்டோம், பிறகு கழற்றவும் வரவில்லை. ஆகவே உன் ரதம் மணிக்கு இருபத்தெட்டு மைல் போகும். ஏற்றத்திலும் இருபத்தெட்டு, இறக்கத்திலும் இருபத்தெட்டு. கிளட்சை மிதித்தால் நிற்கும், விட்டால் மறுபடி இருபத்தெட்டு. மகாராணிகள் இந்த வேகத்தில்தான் போவார்கள் என்று ஹில்டாவிடம் சொன்னேன். "மகாராணிங்க பிரேக் எப்படிப் போடுவாங்கன்னும் கேட்டு வை அண்ணே," என்றாள்.

கூரையை அறுத்துத் தாழ்த்தாவிட்டால் அது எலி வண்டியே அல்ல. நான் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அளவு கொடுத்தேன், ஹில்டா அறுத்தாள், கூரை அற்புதமாக உட்கார்ந்தது. பிறகு கோவிலில் கழித்துப் போட்ட பெஞ்சை வெட்டி இருக்கையாகப் பொருத்தினோம். பெஞ்சு வாளியைவிட ஒரு சாண் உயரம் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேரே கூரை, சாலையைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி மண்டியிட வேண்டும். மனம் தளர்ந்தேனா? வண்டியின் தரைத் தகட்டை அறுத்து எடுத்துப் பெஞ்சைக் கீழே இறக்கிவிட்டோம். இப்போது உனக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு பலகை, ஒரு சாண் காற்று, கடவுள் ஆகிய மூவர் இருக்கிறார்கள்.

இனி உன் பல் வைத்தியர் செய்த காரியம். ஞாயிற்றுக்கிழமை ப்ரெஸ்டன் இங்கே வந்தார். நாங்கள் பழைய இரும்புக் கடையில் விளக்குத் தேடிக்கொண்டிருந்தோம். வருங்கால மாமியாரின் மனத்தைக் குளிர்விக்க வேண்டும் என்று அந்த நல்ல பிள்ளை நினைத்திருக்கிறார். பழுப்புக் கறை எங்கே தெரிந்தாலும் சுரண்டியே பழகிய கை. கொட்டகையில் உப்புத்தாளைப் பார்த்திருக்கிறார், எடுத்துக்கொண்டார். மாலையில் நாங்கள் திரும்பியபோது இரண்டு கதவும், முன்பக்கம் முழுவதும், விளம்பரத்தில் வரும் முன்பல்லைப்போல் மின்னிக்கொண்டிருந்தன. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, பாருங்க, கொஞ்சம்கூடத் துரு இல்ல!" என்றார். எழுபது வருடம், மார்லிஸ்! நான் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஹில்டா, வாழ்க்கையில் முதல் முறையாக, சிரித்தாள். உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இப்போதான் கண்ணுக்கு வண்டி மாதிரி இருக்கு, என் மாப்பிள்ளை கெட்டிக்காரர்," என்று அவருக்கு முட்டைக்கோஸ் அடைத்த பன் நான்கு வைத்தாள். எனக்கு ஒன்றுகூட இல்லை.

பளபளக்கும் எலி வண்டியை ஊருக்குள் ஓட்டினால் என் பரம்பரைக்கே தலைகுனிவு. ஆகவே துரு வளர்க்க முடிவு செய்தேன். வினிகர், உப்பு, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே அந்த மருந்து, மூன்றையும் கலந்து தெளித்தால் சுத்தமான இரும்பு சில மணி நேரத்தில் துருவேறிப் பழுக்கும். ஆனால் ஒரு வண்டி முழுக்கத் தெளிக்க அவ்வளவு வினிகருக்கு எங்கே போவது? கோவில் பெண்கள் சங்கத்துக்குப் போனேன். விருந்துக்காக அவர்கள் வெள்ளரிக்காய் ஊறுகாயைப் பீப்பாய்க் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். காயை எடுத்துக்கொண்டு, அது ஊறிய வினிகர்த் தண்ணீரை என்னிடம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பதினோரு பேர் மருந்து தெளிக்கும் கைப்பம்புகளோடு வந்து, ரோஜாச் செடிக்குத் தெளிப்பதுபோல், சுற்றி நின்று தெளித்தார்கள். "இந்தப் பக்கம் வெளுப்பா இருக்குடி, இன்னும் ஊத்து!" "மெதுவா, மெதுவா, கண்ணாடில படப்போகுது!" ப்ரெஸ்டனும் ஒரு பம்பைப் பிடித்தார், பாவம், பிராயச்சித்தமாக. செவ்வாய்க்கிழமை சூரியன் ஏறியபோது கதவுகள் இலையுதிர் காலத்து ஓக் மரம்போல் சிவந்து நின்றன. பழைய துருவைவிட அழகு என்பதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் ஊறுகாய் வாசனை வரும். அதை உன் பூச்செண்டு பார்த்துக்கொள்ளும்.

இன்று காலை சோதனை ஓட்டம். என்ஜினைக் கிளப்பினேன். தானியம் ஏற்றும் குழாயை வெட்டித்தான் புகைக்குழாய் வைத்திருக்கிறோம், அதனால் சத்தம் சற்றே கம்பீரமாக எழுந்தது. நான் கோவில் வாசலை அடைந்தபோது தெருவில் ஈ காக்கை இல்லை. கடைக் கதவுகள் திறந்தபடி, காப்பிக் கோப்பைகள் ஆவி பறந்தபடி, மனிதரை மட்டும் காணோம். இருபத்தெட்டு மைல் வேகத்தில் மாட்சிமையோடு திரும்பி வந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் சத்தத்தைக் கேட்டுச் சூறாவளி என்று யாரோ அபாயச் சங்கை ஊதிவிட்டார்கள். ஊர் மொத்தமும் நிலவறையில்! என் வெற்றியைப் பார்க்க ஒரு சாட்சிகூட இல்லை. உன் அம்மா நிலவறைப் படியில் தலையை நீட்டி, "போயிட்டு வந்தேன்னு நீ சொல்றே. யாரு பாத்தா?" என்றாள்.

"சந்தேகமா இருந்தா நீயே ஏறிப் பாருக்கா!"

"ஏறத்தான் போறேன். உன் பேச்சை என்னிக்குடா நம்பினேன்?"

இதோ, ஹில்டா ஓட்ட, கழுத்தில் ஜெபமாலையோடு பெஞ்சில் உட்கார்ந்து போயிருக்கிறாள். கால் மணியில் வந்து தோல்வியை ஒப்புக்கொள்வாள். இந்தக் கடிதத்தை ஹில்டா இன்று விச்சிட்டாவுக்கு வாயு உருளை வாங்க வரும்போது உன் கையில் தருவாள். கண்ட மாத்திரத்தில் அந்த வெள்ளைக் காருக்கு முழுக்குப் போடு. நீயும் ப்ரெஸ்டனும் பதினாறும் பெற்று, துருப்பிடிக்கும் காலம்வரை சேர்ந்து வாழ வேண்டும். உன் பல் வைத்தியரிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். உப்புத்தாளை மட்டும் அவர் கைக்கெட்டாமல் வை.

இப்படிக்கு,
உன் ரதத்தின் சாரதி,
மாமன் எமரி

பி.கு.: வெள்ளைக் காரை ரத்து செய்யாதே. நீ அதில்தான் வருகிறாய். உன் அம்மா ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். போகும்போது ஓட்டியவள் ஹில்டா, வரும்போது ஸ்டீயரிங் உன் அம்மா கையில். தானியக் கிடங்கை நாலு சுற்று, பக்கத்து ஊர் வரை ஒரு தடவை. கொண்டை அவிழ்ந்து, பல்லில் ஒரு பூச்சி ஒட்டி, முகமெல்லாம் சிரிப்பு. சாவியைக் கேட்டேன். "வெள்ளை கவுன்ல துரு ஒட்டிக்கும்டா. பொண்ணு அந்தக் காருலயே வரட்டும். நான் இதுல வரேன்," என்றாள். சரி, நான் ஓட்டுகிறேன் என்றேன். "நீ எதுக்கு? நான் ஓட்டுவேன். உனக்கு வேணும்னா பின்னால ஏறிக்க." ஆகவே சனிக்கிழமை கோவில் வாசலில், வண்டியின் பின்தட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு, வைக்கோல் கட்டின் மேல் ஒருவன் உட்கார்ந்து வருவான். தெரிந்தவனைப் பார்த்ததுபோல் கையசை.