பைப்பின் மூன்று லைன்கள்

ஓசூர் தொழிற்பேட்டையிலேயே தன் சிறுநீரகத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் பைப்புதான்.

கம்பெனியில் குழாய் வேலை பார்த்த ஃபிட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். உலகமே குழாய்களால் ஆனது என்பது அவர் கட்சி. பேரிகை என்ற பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனவர், பெண்ணை விட்டுவிட்டுப் பின்கட்டுக் குழாயைத் திருகிப் பார்த்து, "லைன் நல்லாருக்கு, முடிச்சிரலாம்" என்றவர்.

அந்தப் பெண்ணுக்குத்தான் பல வருடம் கழித்து இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. "என்னுது ஒண்ணை எடுத்துக்குங்க" என்று பைப்பு முன்னால் போய் நின்றார். பெங்களூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க சார்! கிட்னிக்கு ரத்தம் போற லைன் எல்லாருக்கும் ஒண்ணு. நமக்கு மூணு! ஒண்ணு அடைச்சாலும் ரெண்டு ஸ்டாண்ட்பை."

"டாக்டர் என்னய்யா சொன்னார்?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னார். பொறாமையா இருக்கும்."

நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. வரைபடத்தில் ஒரு துளை இருந்து, செய்த பொருளில் மூன்று இருந்தால், சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குவது என் வேலை. பையில் சீட்டு இருந்தது. எடுத்துப் பைப்பின் இடுப்பில் ஒட்டினேன். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன், கவனித்தும் சிரித்தேன்.

சில நாள் கழித்து அவர் மனைவி போனில் பிடித்தார். "ஏண்ணா, என்னத்த ஒட்டுனீங்க? 'நான் ரிஜெக்ட் பீஸு, என்னால உனக்கு ஆகாது'ன்னு மூலையில குந்திக்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கறாரு. எனக்கு வேற யாருண்ணா குடுப்பாங்க?"

நானே பைப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்திப்பள்ளி தாண்டியதும், "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க சார்."

டாக்டரைக் கண்டதும் பைப்புக்கு உயிர் வந்துவிட்டது. "மூணு இருக்கறதுதான் தொல்லைன்னா, ரெண்டுக்கு டம்மி போட்டு அடைச்சிருங்க சார்."

"அடைக்கக் கூடாதுங்க. ஒவ்வொண்ணும் கிட்னியில ஒரு பகுதிக்கு மட்டும் ரத்தம் கொண்டுபோகுது. அடைச்சா அந்தப் பகுதி செத்துடும். இது குறையில்ல, நிறைய பேருக்கு இப்படி இருக்கு. மூணையும் தைக்கணும், வேலை கூடுதல். அதான் யோசிச்சேன்."

"அப்ப ஸ்டாண்ட்பை இல்லையா?" பைப்பின் முகம் தொங்கிப்போனது. "சரி, தைங்க. லீக் டெஸ்ட் மட்டும் நான் பண்றேன்."

"நீங்க மயக்கத்துல இருப்பீங்க."

"எழுப்புங்க சார்!"

எழுப்பவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லைன் ஓடுதான்னு பாத்துட்டு வாங்க சார்." முகமூடி மாட்டிக்கொண்டு அவர் மனைவியின் அறை வாசலில் நின்றேன். கட்டிலோரம் தொங்கிய பையில் மூத்திரம் நிறைந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் எதையும் நான் அத்தனை ஆசையாகப் பரிசோதித்ததில்லை.

"அவரு பேசறாராண்ணா?" என்றார் மெல்ல.

"நிறுத்தவே மாட்டேங்கறாரும்மா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது பைப்பும் நானும் ஓய்வு பெற்றுவிட்டோம். பைப்பிடமிருந்து இரண்டு நாள் போன் வராவிட்டால், நானே கூப்பிட்டு, என் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொல்கிறேன்.