மேனேஜர் வீட்டுக்குப் போன முள் ஷூக்கள்

இந்த முறை என் மனைவி பானுமதிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் பொய் சொன்னேன்.

நான் பாலகுரு. துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எனக்கு ஒரே ஒரு கிறுக்கு. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் போட்டு ஓடிய பழைய ஷூக்களைச் சேர்ப்பேன். அந்த ஆட்டத்தை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ உயிரைக் கொடுத்து ஓடிய மண், இன்னும் ஷூ அடியிலுள்ள இரும்பு முள்ளில் ஒட்டியிருக்கும். தொட்டால் எனக்கே மூச்சு வாங்கும். பால்கனியில் ஏழு ஜோடி இருந்தன. அந்தப் பகுதிக்குப் பானுமதி 'காலணி காலனி' என்று பெயர் வைத்திருந்தாள்.

எட்டாவது ஜோடியோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இது எவன் கழட்டிப் போட்டது?"

"நம்ம மேனேஜர் கலீலுர் ரஹ்மான் சாரோடது, பானு. அவர் வீட்ல இடமில்லையாம். பத்திரமா வெச்சிருக்கச் சொன்னார்."

"அப்ப பால்கனியில இருக்கிறது?"

"அதுவும் அவரோடதுதான்." நாக்கு ருசி கண்டுவிட்டது.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? பெரிய மனுஷர் பொருளை வெயில்லயா போட்டு வைப்பாங்க?"

அன்றைக்கே ஷோகேஸில் இருந்த டின்னர் செட் கட்டிலுக்கு அடியில் போனது. எட்டு ஜோடியும் கண்ணாடிக்குள் ஏறின. ஒரு வாரம் சோபாவில் சாய்ந்து, அவற்றைப் பார்த்தபடியே டீ குடித்தேன். அப்படி ஒரு டீயை அதுவரை நான் குடித்ததில்லை.

ஞாயிறு மதியம் பெல் அடித்தது. வாசலில் மேனேஜர், தம்பதி சமேதராக. பானுமதி விருந்துக்கு அழைத்திருக்கிறாள்.

சாப்பாடு முடிந்ததும் சொன்னாள். "சார், உங்க ஷூவெல்லாம் தூசு படாம வெச்சிருக்கோம். இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "என்னுதா?"

"உங்களுதுதான் சார்," என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் ஒரு ஷூவை எடுத்தார். திருப்பினார். முள்ளை விரலால் தடவினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என் பார்வை.

"ஆமா, என்னுதுதான்," என்றார்.

எட்டு ஜோடியையும் நானே அவர் காரில் ஏற்றினேன்.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் எனக்கு அவர் வீட்டில்தான் டீ. எந்த ஷூவில் எந்த ஊர் மண் என்று நான் சொல்வேன். அவர் வாய் பிளந்து கேட்பார். தனியாகப் பார்த்ததைவிட இது சுகமாகவே இருக்கிறது. தவிர, நான் புதிதாக வாங்கிய ஒன்பதாவது ஜோடி பற்றி யாருக்கும் தெரியாது. அது என் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கிறது.

போன ஞாயிறு கிளம்பும்போது பானுமதி வாசல்வரை வந்தாள்.

"ஏங்க, ஸ்டெப்னிக்குக் கீழ இருக்கிறதையும் மறக்காம சார்கிட்டக் கொடுத்துடுங்க."