இணைச்சீரும் என் சட்ட ஞானமும்

சட்டம் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. படித்ததைத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகிறவர்கள். படித்ததை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள். முதல் வகையினரைத்தான் உறவினர்கள் ஆசையாகக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். நான் இரண்டாவது வகை.

கல்லூரியில் 'சட்டவியல்' என்றொரு தாள் இருந்தது. எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் கிடையாது. சட்டம் என்றால் என்ன, அதற்கு ஏன் கீழ்ப்படிகிறோம், ஒரு வழக்கம் எப்போது சட்டமாகிறது என்று கேள்வி மேல் கேள்வியாகப் போகும். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. (சாமளாபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம், "எந்த அதிகாரத்துலீங்க டிக்கெட் கேக்கறீங்க?" என்று கேட்டு, பாதி வழியில் இறங்கி நடந்திருக்கிறேன்.)

அந்த நேரம் பார்த்து அண்ணன் கல்யாணம் வந்தது. பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தான். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அவன்தான். எங்கள் பக்கம் தாலி கட்டுமுன் இணைச்சீர் என்றொரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி பட்டுடுத்தி, அவன் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; மறுமுனை அவனிடம். பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டான் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். "எந்தங்கச்சி எம்பக்கத்துல நிக்கறதைப் பாக்கோணும்" என்று அண்ணன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சடங்கில், அண்ணனுக்குப் பிறக்கப்போகும் பெண்ணைத் தங்கை மகனுக்குத் தருவதாக வாக்கு உண்டு என்று எங்கோ ஒரு கட்டுரையில் படித்துத் தொலைத்தேன். பிறக்காத பிள்ளைகள் மீது ஒப்பந்தமா! எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மணவறையில் சடங்கு நடத்தும் பெரியவர், எங்கள் வழக்கில் அருமைக்காரர், சேலை முனையை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, இந்த வழக்கம் இடைவிடாம நடந்துட்டு வருதுங்களா?"

"நடக்குதே கண்ணு."

"செய்யாட்டி என்னங்க தண்டனை?"

அவர் பந்திக் கூடத்தை எட்டிப் பார்த்தார். "பந்தி தாமசமாகும் சாமி."

"தண்டனை இல்லாதது சட்டமே இல்லீங்க. எனக்குச் சம்மதமில்லீங்க" என்றேன். மேளம் அந்த நொடி பார்த்து ஓய்ந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பந்திக் கூடத்தை எட்டுவதற்குள் அது, நாத்தனாருக்குப் பெண்ணையே பிடிக்கவில்லை என்று வளர்ந்திருந்தது. பெண்ணின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எங்க புள்ளையக் கூட்டிட்டுப் போயிர்றோம்." உள்ளே மணப்பெண் அழுகிறாள் என்று செய்தி வந்தது. ஆனாலும் என் கை முன்னால் வரவில்லை. (கொள்கை என்றால் லேசா?)

பெரியம்மா தன் மகளை முன்னே தள்ளினார். "இவ நிக்கட்டும். முகூர்த்தம் போகுதல்ல!"

"வேண்டாங்க பெரியம்மா" என்றான் அண்ணன். "எந்தங்கச்சிதான் நிக்கோணும். அவ மனசு ஒப்பி வரட்டும். நான் நிக்கறனுங்க."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எதிர்வாதம் செய்திருப்பேன். மாலையும் பட்டுவேட்டியுமாக, தன் முனையைப் பிடித்தபடி அவன் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பொறக்காத புள்ளைகளுக்கு எப்படீங்ணா வாக்குக் குடுக்கறது?" என்று தேம்பினேன்.

"வாக்கா?" அருமைக்காரர் திகைத்துப்போனார். "உன்ரகிட்ட யாரு சாமி வாக்குக் கேட்டா? இந்தத் துணியப் புடின்னுதான சொன்னேன்?"

எங்கள் ஊரில் அப்படி ஒரு வாக்கை யாரும் கேட்பதே இல்லையாம். எதிர்த்தரப்பே இல்லாத வழக்கில் இவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறேன். பாய்ந்து சேலையைப் பிடித்தேன். சடங்கு முடிந்தும் விடவில்லை. பெரியம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

தாலி ஏறியதும் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நங்கை" (அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று ஆரம்பிப்பதற்குள், அழுது சிவந்த கண்ணோடு அவர் என் காதருகே குனிந்தார். "எனக்கும் அந்த வாக்குச் சந்தேகம் இருந்துச்சு அம்முணி. கேக்கத்தான் தைரியமில்ல."

அன்றிலிருந்து வீட்டில் எதை என்னிடம் நீட்டினாலும், காபித் தம்ளராக இருந்தாலும், "வாக்கு ஒண்ணுமில்ல, சும்மா புடி" என்று சொல்லித்தான் நீட்டுகிறார்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், துணியில் சுற்றிய மகளை நங்கை என்னிடம் நீட்டினார். "வாக்கு ஒண்ணுமில்ல அம்முணி, சும்மா புடி."

"இந்தத் தடவ இருக்குதுங்க" என்றேன், பாப்பாவை வாங்கிக்கொண்டு. "இவளைப் படிக்க வெக்கறது எம்பொறுப்பு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நங்கை மட்டும், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"படிக்க வையி சாமி. சட்டம் மட்டும் வேண்டாம்."